மேடம் வேற பாஷை

வண்டி இன்னும் கிளம்பவில்லை, கிளம்பித் தொலைந்தால் தேவலை, கிளம்பிவிட்டால் அதோடு முடிந்துபோகும், முடிந்துபோனதற்கு யார் என்ன செய்ய முடியும் என்று ஜன்னலோரம் உட்கார்ந்து நினைத்துக்கொண்டிருந்த சண்முகவடிவு, அதே மூச்சில், ஐயையோ கிளம்பிவிடக் கூடாதே, அந்த மனுஷன் இன்னும் உள்ளேதானே இருக்கிறார் என்றும் நினைத்தாள். ஆர்மீனியாவிலிருந்து ஜார்ஜியாவுக்குப் போகிற வேன். எல்லையில் எல்லாரையும் இறக்கி, பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தி, அந்தப் பக்கமாக நடந்து வந்து ஏறிக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். எல்லாரும் ஏறியாயிற்று. முன்சீட்டில் ஒரு ரஷ்யப் புருஷன் பெண்டாட்டி ஆரஞ்சு உரித்துத் தின்கிறார்கள், வண்டி பூராவும் அந்த வாசனை. பின்னால் ஒருவன் குறட்டை. டிரைவர் வெளியே நின்று சிகரெட் பிடித்துக்கொண்டு அடிக்கடி அந்தக் கண்ணாடிக் கட்டடத்தைப் பார்க்கிறான், பார்த்துவிட்டு இவளைப் பார்க்கிறான். என்னை எதுக்குப் பார்க்கிறே, நான் என்ன அவருக்குச் சொந்தமா? பக்கத்து சீட்டு மட்டும் காலி. காலி என்றால் ஆள்தான் இல்லை, அவருடைய பச்சைக்கரைத் துண்டு அங்கேதான் கிடக்கிறது, இடம் பிடித்துப் போட்டிருக்கிறார், ஏதோ சாத்தூர் பஸ் ஸ்டாண்டு மாதிரி. வடிவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கிற மூஞ்சியைப் பாரு என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு துண்டிலிருந்து கண்ணை எடுத்துக் கண்ணாடிக் கட்டடத்தின் மேல் வைத்தாள். அங்கே மழைத் தண்ணி வழிகிறது, உள்ளே வெள்ளைச் சட்டை ஒன்று நிற்பது தெரிகிறது, கை ஆடுகிறது. இன்னும் கையை ஆட்டி ஆட்டித்தான் பேசிக்கொண்டிருக்கிறார் பாவம்.

எங்கே ஆரம்பித்தது இது? காலையில் யெரெவானில் ஏறும்போதே ஆரம்பித்துவிட்டது. வேட்டியில்லை, பேண்டுதான், ஆனால் அந்தப் பேண்டைக் கட்டியிருந்த விதத்தில் வேட்டிதான் தெரிந்தது. நெற்றியில் திருநீறு, கையில் பெரிய பை, இன்னொரு கையில் துண்டால் கட்டிய தூக்கு. இவளைப் பார்த்ததும் அந்த முகம் மலர்ந்த மலர்ச்சி இருக்கிறதே, உலகத்தில் யாரும் இவளைப் பார்த்து அப்படி மலர்ந்ததில்லை, சத்தியமாக இல்லை. "ஏம்மா, நீங்க தமிழா?" என்றார். இவள் வாய் தானாக "நோ நோ, பெங்களூர்" என்றது. பொய்யா அது? பெங்களூரில்தானே வேலை பார்த்தாள், வேலையை விட்டதும் அங்கேதானே, விமானம் ஏறியதும் அங்கேதானே. இப்படிச் சொல்லித் தப்பிப்பது அவளுக்குப் பழகிப்போன வித்தை. பிராக் நகரத்தில் ஒரு குடும்பம் தமிழா என்று கேட்டு, ஆமாம் என்று சொன்ன பாவத்துக்கு வீட்டுக்குக் கூட்டிப்போய் சாம்பார் ஊற்றி, ரசத்துக்கு வருவதற்குள் மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். மோருக்கு அவன் போட்டோவே வந்துவிட்டது. எந்த ஊரு, எந்தத் தெரு, யாரு மக, கல்யாணம் ஆச்சா, ஏன் ஆகல, ஒத்தையிலயா சுத்துறீக, வீட்ல விட்டாகளா? இதற்காகவா இத்தனை கடல் தாண்டினாள்? அன்றைக்குச் சாப்பிட்ட கையோடு முடிவு கட்டினாள், இனிமேல் தமிழ் கிடையாது என்று. லிஸ்பனில் டிராமில் பின்னாலிருந்து, "ஏங்க, அந்தப் பொண்ணு பையப் பாருங்க, திறந்து கெடக்கு" என்று ஒரு குரல் வந்தபோது திரும்பாமல் உட்கார்ந்திருந்தாள், உடம்பெல்லாம் ஒரு குறுகுறுப்பு, யாருமே இல்லாத ஆளாக இருப்பதில் அப்படியொரு சுகம். சுகமாம் சுகம்.

அவர் பேச்சைக் கேட்டதுமே வேறு தெரிந்துபோயிற்று, சாத்தூர்ப் பக்கம். இவள் பிறந்த விருதுநகருக்கும் அதற்கும் எவ்வளவு தூரம்? கண்ணயர்ந்து முழிப்பதற்குள் வந்துவிடும். ஊர்ப் பேரைச் சொல்லியிருந்தால் அப்பா பேரைக் கேட்டிருப்பார், அப்பா பேரைச் சொல்லியிருந்தால் அட அவுகளா என்றிருப்பார். அதனால் பெங்களூர். "ஓ, பெங்களூரா, சாரி மேடம்" என்று மலர்ந்த முகத்தை அவர் மடக்கி வைத்துக்கொண்டார். ஆனால் வாயை மடக்கி வைக்க முடியவில்லை. வண்டி கிளம்பியதும் சம்சாரத்துக்குப் போன் போட்டுவிட்டார். பக்கத்திலிருக்கிற மேடத்துக்கு ஒன்றும் புரியாது என்கிற தைரியத்தில் எல்லாவற்றையும் பேசினார், இவளும் ஒன்றும் புரியாத மூஞ்சியோடு எல்லாவற்றையும் கேட்டாள். மகள் சுகப்பிரியா ஜார்ஜியாவில், திபிலீசியில் டாக்டருக்குப் படிக்கிறாள், குடல்வாலுக்கு ஆப்பரேசன், சீழ் வைத்து உள்ளேயே உடைந்துவிட்டதாம், ரெண்டு தடவை கிழித்திருக்கிறார்கள், கூட இருக்கிற பிள்ளைகளுக்குப் பரீட்சை, ராத்திரி துணைக்கு ஆளில்லை. ஏஜென்ட் பாவி டிக்கெட் இல்லையென்று பக்கத்து நாட்டில் இறக்கிவிட்டான். "நீ அழாத, நான் போயிருவேன், பொழுது சாயுறதுக்குள்ள பிள்ளை மூஞ்சியப் பாத்துருவேன், பாத்த ஒடனே பேசச் சொல்றேன், சரியா?" அப்புறம் குரலைக் கொஞ்சம் தணித்து, "பக்கத்துல ஒரு அம்மா வருது, நம்ம பக்கத்து மொகமாத்தான் இருக்கு, ஆனா தமிழ் தெரியாதாம். ஒத்தையா வருது, பாவம்" என்றார். பாவமாம். அப்போது வடிவுக்குக் கோபம்தான் வந்தது, நான் என்ன பாவம், உலகத்தையே சுற்றி வருகிறேன், நீங்கள்தான் பாவம் என்று ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திரும்பினவள் அப்படியே இருந்திருக்கலாம், இந்த எல்லையில் வரிசையில் அவருக்குப் பின்னாலேயே போய் நின்றிருக்க வேண்டாம். நின்றாள். நின்றதனால்தான் கேட்டாள்.

கவுண்டரில் இருந்தது சின்னப் பெண், போலீஸ் உடுப்பு, முகத்தில் ஒரு கடுகடுப்பும் இல்லை. எதற்கு வருகிறீர்கள் என்று இங்கிலீஷில் கேட்டாள். அவருக்கு அது புரிந்துவிட்டது, புரிந்த சந்தோஷத்தில் சத்தமாக, "டாட்டர்! ஆப்பரேசன்!" என்றார். நீங்கள் டாக்டரா என்று அவள் கேட்டாள். "எஸ் எஸ், டாட்டர்! டாட்டர்!" ஆப்பரேசன் செய்வதற்கா வருகிறீர்கள்? "எஸ், ஆப்பரேசன். டூ டைம்ஸ்." இந்த விசாக் காகிதத்தில் வியாபாரி என்று இருக்கிறதே, டாக்டர் என்கிறீர்களே, எந்த ஆஸ்பத்திரி? "எஸ், ஆஸ்பத்திரி, டாட்டர்" என்று அவர் தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினார், ஆட்ட ஆட்ட அந்தப் பெண்ணின் புருவம் சுருங்கிக்கொண்டே போனது. மகள் என்கிறார் தாயே, மகள்! அந்த ஒரு வார்த்தையைப் பின்னால் நின்ற வடிவு சொல்லியிருந்தால் அங்கேயே அவிழ்ந்திருக்கும் முடிச்சு. நாக்கு நுனி வரை வந்தது. ஊரில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள், டாட்டர், இவளே காலேஜ் சேரும்வரை அப்படித்தானே சொன்னாள், ஹாஸ்டலில் ஒருத்தி சிரித்த பிறகுதானே டோட்டர் என்று மாற்றிக்கொண்டாள். போன் போட்டார்கள், மகள் எடுக்கவில்லை, மயக்கத்தில் கிடக்கிறாளோ என்னவோ. அப்போதுதான் அந்தப் பெண் தலையைச் சாய்த்து வடிவைப் பார்த்தாள். மேடம், நீங்களும் இந்தியாதானே, இவர் பாஷை உங்களுக்குத் தெரியுமா? அவர் திரும்பினார். அவருக்கு நேராக, அந்த மூஞ்சிக்கு நேராக எப்படி ஆமாம் என்பது? காலையில் பெங்களூர் என்றவள் மத்தியானம் தமிழ் என்றால் என்ன நினைப்பார்? போனில் சம்சாரத்திடம் பேசியதையெல்லாம் ஒட்டுக்கேட்டவள் என்று தெரிந்துபோகுமே. சின்னப் பொய்யைக் காப்பாற்றப் பெரிய பொய்யைச் சொல்வது இவள் கண்டுபிடித்ததொன்றும் இல்லை, ஆனால் இவள் சொன்ன மாதிரி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். "தெரியாது" என்று விட்டாளா? சிரித்துக்கொண்டே, "இந்தியாவில் எத்தனை பாஷை இருக்கிறது தெரியுமா உங்களுக்கு? ஒரு மாநிலத்துக்காரர் பேசுவது இன்னொரு மாநிலத்துக்காரருக்குப் புரியாது" என்று அந்தப் பெண்ணுக்குப் பாடமே எடுத்தாள், இங்கிலீஷில், அழகான உச்சரிப்போடு. அந்தப் பெண் அப்படியா என்று ஆச்சரியப்பட்டாள். அவரும் கையை வேகமாக ஆட்டி, "நோ, நோ, மேடம் வேற பாஷை. அதர் பாஷை" என்றார். இவள் முத்திரையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கால் நின்றிருக்கும் என்று இப்போது சொல்லிக்கொள்கிறாள், நின்றிருக்குமா என்பது அவளுக்கே சந்தேகம்தான்.

காரணம் ஏதாவது இருக்க வேண்டுமே என்று தேடினாள். கதைகளில் இப்படிப்பட்டவர்களுக்கெல்லாம் சின்ன வயசில் ஏதோ நடந்திருக்கும். இவளுக்கு ஒன்றும் நடக்கவில்லை. அப்பா பேங்க் மேனேஜர், ஷூ போட்டவர், இங்கிலீஷ் பேப்பர் படித்தவர், அவரை நினைத்து வெட்கப்பட எதுவுமில்லை. யாரும் விரட்டவில்லை, யாரும் ஏமாற்றவில்லை, கல்யாணம் வேண்டாம் என்றபோது கூட நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதோடு சரி. பயம் என்று சொல்லலாமா? போலீஸ், எல்லை, தனியாக வந்த பெண், அவர் பையில் என்ன வைத்திருக்கிறாரோ, வம்பில் நம்மையும் சேர்த்து இழுத்துவிட்டால் என்ன செய்வது? இது நல்ல காரணம், நாளைக்கு யாராவது கேட்டால் இதைச் சொல்லலாம், ஆனால் அந்த நிமிஷத்தில் அந்தப் பயம் இல்லையே, நடந்து வந்து சீட்டில் உட்கார்ந்த பிறகல்லவா அதைத் தேடி எடுத்தாள். சொகுசு, வேறென்ன. யாரும் தொடாமல், யாரும் கேட்காமல் இருக்கிற சொகுசு. இத்தனைக்கும் இவள் ஃபேஸ்புக்கில் எழுதுவது என்ன? முகம் தெரியாத மனிதர்களின் அன்பு! நேற்றுக்கூட, மழைக்கு ஒதுங்கியவளுக்கு வாதாம்கொட்டை கொடுத்த ஆர்மீனியாக்காரரைப் பற்றித் தமிழில்தான் எழுதினாள், பாஷை எதற்கு அன்பிருந்தால் போதும் என்று முடித்தாள், ஊரே வந்து கைதட்டியது. நினைத்ததும் காது மடல் சுட்டது. அதைவிடக் கேவலம் இன்னொன்று. அந்தக் கட்டடத்திலிருந்து வண்டிக்கு நடந்து வருகிற நாலு எட்டில் மனசு பாட்டுக்கு ஒரு பதிவை எழுதத் தொடங்கிவிட்டது. இன்று எல்லையில் ஒரு சாத்தூர்க்காரரைச் சந்தித்தேன், மொழி தெரியாமல் தவித்தார், நான் போய். நான் போய்! எங்கே போனாய்? சீ, என்ன ஜென்மமடி நீ.

சரி, அவருக்குத்தான் தெரியாதே என்று ஒரு ஆறுதலைப் பிடித்துக்கொண்டாள். ஆமாம், அவரைப் பொறுத்தவரை நான் பெங்களூர் மேடம், கன்னடமோ ஹிந்தியோ பேசுகிறவள், என்மேல் அவருக்கு வருத்தமே இருக்காது. இப்படி நினைத்துக் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்து காலை நீட்டியபோது குதிகாலில் ஏதோ இடித்தது. அவருடைய தூக்கு. சீட்டுக்கு அடியில் பின்பக்கமாக, இவள் காலுக்குப் பின்னால். குனிந்து பார்க்காமலே அது என்னவென்று இவளுக்கு எப்படித் தெரிந்தது? ஏற்கெனவே பிடித்திருக்கிறாளே, அதனால்தான். எப்போது பிடித்தாள்? மலைப்பாதையில் வண்டி ஒரு திருப்பத்தில் சரிந்தபோது. அவர் தூக்கக் கலக்கத்தில் முழித்து, "ஏ தாயி, போணி, போணி! போணியப் பிடி!" என்று கத்தினார். இவள் கை சட்டென்று சீட்டுக்கு அடியில் போய்த் தூக்குப்போணியின் காதைப் பிடித்துவிட்டது. போணி. மெட்ராஸ்காரனிடம் போய் போணி என்றால் காலையில் முதல் வியாபாரம் ஆயிற்றா என்று கேட்கிறான் என்பான். தூக்கைப் போணி என்று சொல்கிறவர்கள் அந்தக் கரிசல் பக்கத்து ஆட்கள்தான். அது சீட்டுக்கு மேலேயும் இல்லை, கண்ணுக்குத் தெரிகிற இடத்திலும் இல்லை, பாஷை புரியாதவளாக இருந்தால் என்ன என்ன என்று திருதிருவென்று முழித்திருப்பாள். இவள் முழிக்கவில்லை. கை நேராகப் போயிற்று. கன்னடக்காரியின் கை அப்படிப் போகுமா? அவர் இவளையே கொஞ்ச நேரம் பார்த்தார், தூக்கை வாங்கிக் கட்டை இறுக்கி மறுபடி அங்கேயே வைத்தார், ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவர் போனில் பேசவே இல்லை, அது ஏன் இப்போதுதான் உறைக்கிறது? டீ குடிக்க நிறுத்திய இடத்தில், குறட்டைவிடுகிற இந்தத் தடியன் இவளையே முறைத்துக்கொண்டு நின்றபோது, டம்ளரோடு வந்து இரண்டு பேருக்கும் நடுவில் முதுகைக் காட்டி நின்றுகொண்டாரே, அது? அப்படியென்றால் தெரியும். எல்லைக்கு வருமுன்னாலேயே தெரியும். எத்தனை பாஷை என்று இவள் பாடம் எடுத்தபோது பக்கத்தில் நின்று கேட்டாரே, தெரிந்துதான் கேட்டார். தெரிந்துதான் மேடம் வேற பாஷை என்றார். இந்தம்மாவுக்குத் தெரியும் என்று ஒரு விரலை நீட்டியிருந்தால் போதும், அவர் மகளிடம் போயிருப்பார். நீட்டவில்லை. ஏன் நீட்டவில்லை? என்ன மனுஷன் இவர், கோபம்கூட வராதா, ரெண்டு வார்த்தை திட்டக் கூடாதா, அப்படித் திட்டியிருந்தாலாவது திருப்பித் திட்டிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருக்கலாமே.

டிரைவர் சிகரெட்டை மிதித்துவிட்டு ஏறினான். கதவைச் சாத்தப் போனவன் இவளைப் பார்த்து, அரைகுறை இங்கிலீஷில், "உன் இந்தியாக்காரர் வரமாட்டார். திருப்பி அனுப்புவார்கள். அவர் சாமானை இறக்கி வைக்கட்டுமா?" என்றான். ரஷ்யக்காரி ஆரஞ்சுத் தோலைக் கையில் வைத்துக்கொண்டு இவளையே பார்த்தாள். இறக்கி வை என்று சொல்ல ஒரு தலையாட்டல் போதும். வடிவு எழுந்துவிட்டாள். தைரியம் வந்து எழுந்தாள் என்று நினைக்க வேண்டாம், அந்தச் சாமானை இன்னொருத்தன் தூக்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாமல் எழுந்தாள். "இரு, போயிடாதே" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். அவனிடம் அதைத் தமிழில் சொன்னாள் என்பது பாதி வழியில்தான் தெரிந்தது. மழை தலையில் விழுந்தது. என்ன சொல்லிக்கொண்டு உள்ளே போவது, இப்போதுதான் ஞாபகம் வந்தது என்றா, படித்துக்கொண்டு வந்தேன் என்றா? திரும்பிவிடலாமா என்று கதவுக்கிட்டேகூட ஒரு தரம் நின்றாள்.

உள்ளே அவர் ஒரு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். வடிவு அவரைப் பார்க்காமல் நேராக அந்தப் பெண்ணிடம் போய், "அவர் டாக்டர் இல்லை. மகள் என்று சொல்கிறார். மகளுக்கு ஆப்பரேசன் ஆகியிருக்கிறது, பார்க்கப் போகிறார்" என்று இங்கிலீஷில் மளமளவென்று கொட்டினாள். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். "கடவுளே, மகளா!" என்றாள். உடனே முத்திரையைக் கையில் எடுத்துவிட்டாள், எடுத்தவள் நிறுத்தி, "உங்களுக்கு அவர் பாஷை தெரியாது என்றீர்களே?" என்றாள். வடிவு அதற்குப் பதில் சொல்வதற்குள் அவர் எழுந்து வந்துவிட்டார்.

"தாயி, நீ ஏன் வந்த? ஒனக்கு ஒண்ணும் வந்துராதே?" என்றார். தமிழில்தான் கேட்டார், கேட்கும்போதே வாசலை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

"எனக்கு என்ன வரும் அண்ணாச்சி?" என்றாள் வடிவு.

"இல்லத்தா, போணியப் பிடிச்சப்பவே தெரிஞ்சுபோச்சு, நம்ம பக்கத்துப் பிள்ளைன்னு. ஊர் பேரு சொல்ல மாட்டேங்குது, பாஷையே தெரியாதுங்குது, ஒத்தையில இம்புட்டுத் தொலைவு வந்துருக்கு. சரி, எவனுக்கோ பயந்து ஒளிஞ்சு போகுது போல, கட்டுனவன் அடிச்சுத் தொரத்துனானோ என்னமோ, நாமளா காட்டிக்குடுத்துறக் கூடாதுன்னுதான் நான் வேற பாஷைன்னு சொன்னேன். இப்ப இவுக கேட்டு எழுதி, அது அங்க போயி எவனுக்கும் தெரிஞ்சுறாதே?" அப்புறம் இன்னும் கிட்டே வந்து, "யாருக்குத்தா பயந்து ஒளியுற? என்கிட்டச் சொல்லு, நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்" என்றார்.

அவர் என்ன சொல்கிறார் என்று அந்தப் பெண் கேட்டாள். வடிவு சொன்னாள். ஒன்றுவிடாமல் சொன்னாள், இங்கிலீஷில் அது வேறு யாருக்கோ நடந்தது போல ஓடியது. "அப்படியா? யாரிடமிருந்து ஒளிந்தீர்கள்?" என்றாள் அந்தப் பெண், நிஜமான கவலையோடு, பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டு. "இவரிடமிருந்துதான்" என்றாள் வடிவு. அதுவும் சுலபமாகவே வந்தது. அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தாள். பிறகு முத்திரையைக் குத்தி, பாஸ்போர்ட்டை அவர் பக்கம் தள்ளிவிட்டு, "அதை அவரிடம் சொல்லுங்கள், கேட்டவர் அவர்தானே" என்றாள்.

வடிவு திரும்பினாள். அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை, சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள்.

"உங்களுக்குத்தான் அண்ணாச்சி."

"எனக்கா?"

அவர் பதறிப்போனார். பாஸ்போர்ட்டை எடுக்கப் போன கை அப்படியே நின்றது. "ஏன் தாயி, நான் ஏதும் தப்பாப் பேசிட்டேனா?" என்றார்.

இப்போது என்ன சொல்கிறார் என்று அந்தப் பெண் கேட்டாள். வடிவுக்கு ஒரு பாஷையும் வரவில்லை.